நேரத்தில் சேராத செய்தி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)

அரங்கின் இடப்பக்கம் செவிலிய மாணவ மாணவியர் அமர்ந்திருக்கிறீர்கள், வலப்பக்கம் பயிற்சி மருத்துவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள்.

இப்படி இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்காரும்படி உங்களிடம் யாரும் சொல்லவில்லை. உள்ளே வரும்போது நீங்களாகவே அப்படி அமர்ந்துவிட்டீர்கள். ஒரே வளாகத்தில் படிக்கிறீர்கள், ஒரே நோயாளியின் கட்டிலருகே நிற்கிறீர்கள், ஆனால் ஒரே வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்து பழக்கமில்லை. அதனால் வார்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

செவிலியருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் இடையே எழும் புகார்களை முதலில் வார்டில் பணியாற்றும் செவிலியராகப் பார்த்தேன். பிறகு விசாரணைக் குழு உறுப்பினராகப் பார்த்தேன். அந்தக் கோப்புகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. இந்தப் புகார்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு மருத்துவச் செய்தி கிடக்கிறது. நோயாளியைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது, சொல்ல வேண்டிய நேரத்தில், கேட்க வேண்டியவரின் காதில் விழவில்லை. மறுநாள் அதுவே புகாராகி மேலே போகிறது. ஆகவே புகாரை விசாரிக்க உட்காருகிறவர், அந்தச் செய்தி எந்த இடத்தில் நின்றுபோனது என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இதுதான் என் வாதம். இதற்குப் பொருந்தாத புகார்களும் உண்டு. அவற்றைத் தனியே சொல்வேன்.

1. அதிகாரம் ஓரிடம், அனுபவம் ஓரிடம்

நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவருக்கு வயது 23 அல்லது 24. அவருடைய பயிற்சி மொத்தம் 12 மாதம். அதற்குள் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், சமுதாய மருத்துவம் என்று எல்லாத் துறைகளையும் சுற்றி வர வேண்டும். ஒரு வார்டின் மருந்து அலமாரி எங்கே இருக்கிறது என்று பழகுவதற்குள் அடுத்த போஸ்டிங் வந்துவிடும். அதே வார்டில் உள்ள செவிலியர் அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருக்கிறார். ஒரு நோயாளி எந்த நேரத்தில் எப்படி மோசமாவார் என்பது அவருக்குக் கண்பார்வையிலேயே தெரிகிறது. ஆனால் கேஸ் ஷீட்டில் மருந்து எழுதிக் கையெழுத்திடும் அதிகாரம் நேற்று வந்த அந்த இளைஞரிடம் இருக்கிறது.

இந்த முரண்பாட்டை லியோனார்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். செவிலியர் ஆலோசனை சொல்லவும் வேண்டும், ஆலோசனை சொன்னதுபோல் தெரியவும் கூடாது. மருத்துவர் ஆலோசனை கேட்கவும் வேண்டும், கேட்டதுபோல் காட்டிக்கொள்ளவும் கூடாது. இந்த நாடகத்தில் இருவரும் தத்தம் பாத்திரத்தை ஒழுங்காக நடித்தால் நோயாளிக்கும் நன்மை, இருவர் மரியாதைக்கும் பங்கமில்லை. 1990இல் அவரே இன்னும் இருவரோடு சேர்ந்து மறுபடி எழுதினார்: செவிலியர்கள் அந்த நாடகத்திலிருந்து விலகத் தொடங்கிவிட்டார்கள் என்று. நம் வார்டுகளில் பழைய நாடகமும் முழுதாக இல்லை, புதிய பழக்கமும் முழுதாக வரவில்லை. ஒருவர் நடிக்க, மற்றவருக்கு அது நாடகம் என்பதே தெரியாத நிலை.

ஓர் இரவைச் சொல்கிறேன். பல இரவுகளைச் சேர்த்து ஒன்றாக்கிச் சொல்வதால் இது எந்த ஒரு மருத்துவமனையையும் குறிக்காது. ஆண்கள் மருத்துவ வார்டு, மணி இரண்டு. நிமோனியாவுக்காகச் சேர்ந்த ஐம்பது வயதுக்காரர். மாலையில் மனைவியோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது போர்வையை விலக்கி விலக்கிப் போடுகிறார். கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொல்கிறார். செவிலியர் போன் செய்கிறார்.

“சார், பதினாலாம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்.”

“ஒரு மாதிரின்னா?”

“ரெஸ்ட்லெஸ்ஸா இருக்கார் சார். கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன்.”

“பிபி எவ்வளவு?”

“நூறு இருக்கு சார்.”

“சரி சிஸ்டர், கேஷுவாலிட்டில ஒரு பாய்சன் கேஸ் பாத்துட்டு இருக்கேன். முடிச்சிட்டு வரேன்.”

இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் மாலையில் அவருக்கு பிபி 140 இருந்தது. செவிலியருக்கு அது தெரியும். டாக்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூச்சை எண்ணியிருந்தார், நிமிடத்துக்கு 32. அதுவும் கேட்கப்படவில்லை. காலை ரவுண்ட்ஸின்போது அந்த நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். யூனிட் சீஃப் எல்லார் முன்னிலையிலும் ஹவுஸ் சர்ஜனை வார்த்தைகளால் கிழிக்கிறார். “சிஸ்டர் சீரியஸ்னு சொல்லவே இல்ல சார்” என்கிறார் அவர். செவிலியரின் ரிப்போர்ட் புத்தகத்திலோ, டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது, வரவில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. அன்று மதியத்துக்குள் இரண்டு புகார்கள் இரண்டு மாடிகளுக்கு ஏறிப் போய்விடுகின்றன.

2. அறையில் இருந்தும் பயன்படாத அறிவு

இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2005 மார்ச் 29ஆம் தேதி, எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண், சைனஸ் தொடர்பான வழக்கமான அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டார். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாயைச் செலுத்த முடியவில்லை. முகமூடி வழியாகவும் காற்று உள்ளே போகவில்லை. இப்படிப்பட்ட நிலையில் கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி ஏற்படுத்த வேண்டும் என்பது மயக்கவியலில் அறியப்பட்ட நெறி. அறையில் இருந்த மூத்த மருத்துவர்கள் அனைவரும் அனுபவசாலிகள். ஆனால் அவர்கள் குழாயைச் செலுத்தும் முயற்சியிலேயே திரும்பத் திரும்ப ஈடுபட்டிருந்தார்கள். நேரம் போனதே தெரியவில்லை.

செவிலியர்களுக்குத் தெரிந்தது. ஒருவர் கழுத்துத் துளைக்கான கருவித் தட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று அறிவித்தார். யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து படுக்கை ஒன்றை ஒதுக்கச் சொல்லிவிட்டு வந்து அதைச் சொன்னார். இவ்வளவு பதற்றம் எதற்கு என்பதுபோன்ற பார்வை திரும்பி வந்ததால், மீண்டும் போன் செய்து அந்தப் படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலைன் நினைவு திரும்பாமல் ஏப்ரல் 11ஆம் தேதி இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமானத் துறையில் இப்படியொரு சாவு நடந்தால் அடுத்தது நேராமலிருக்க என்ன செய்யலாம் என்று விசாரிப்பார்கள். மருத்துவத்திலும் அப்படியொரு விசாரணை வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். பழிவாங்க அவர் புறப்படவில்லை. 2007இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராய்வதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் மயக்கவியல் பயிற்சியில் அந்த நிகழ்வு பாடமாகச் சொல்லப்படுகிறது.

அந்த இரண்டாவது செவிலியரைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவர் சரியாகக் கணித்தார், சரியாகச் செயல்பட்டார். ஒரு பார்வையால் பின்வாங்கினார். ஒரு வார்த்தை கூட யாரும் கடிந்து சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் வார்டுகளில் “எனக்குப் பாடம் எடுக்காதீங்க சிஸ்டர்” என்று வாய்விட்டே சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் அந்தச் செவிலியரின் அடுத்த பத்துப் போன் அழைப்புகளைத் தாமதப்படுத்தும். பாதிக்கப்படுபவர்கள் அந்தப் பத்து நோயாளிகள்.

3. சொல்வதற்கு ஒரு வடிவம்

துணிந்து சொல்லுங்கள் என்று செவிலியருக்கு மட்டும் அறிவுரை கூறுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. துணிவு ஆளுக்கு ஆள் மாறும், இரவுக்கு இரவு மாறும். வடிவம் மாறாது.

அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய ஒரு முறையை, கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் மைக்கேல் லெனார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் மருத்துவமனைக்கு ஏற்ப அமைத்தார்கள். எஸ்-பார் என்று இன்று செவிலியக் கல்லூரிகளில் கற்பிக்கிறோம். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை என நான்கு வரி. இதில் மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம். கணிப்பும் கோரிக்கையும் சொல்வது செவிலியரின் கடமை என்று இந்த முறை விதிக்கிறது. இனி அது அத்துமீறல் ஆகாது. பதினாலாம் பெட்டுக்கான போன் அழைப்பு இப்படி அமைந்திருக்கும்:

“சார், ஆண்கள் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன். பதினாலாம் பெட், நிமோனியா கேஸ், நேத்து அட்மிட் ஆனவர். சாயங்காலம் தெளிவா இருந்தார், பிபி 140. இப்போ 100. மூச்சு நிமிஷத்துக்கு 32. பேச்சு பிதற்றலா இருக்கு. செப்சிஸ்ல போறாரோன்னு தோணுது. நீங்க இப்பவே வரணும். வர முடியலன்னா பி.ஜி.க்கு நான் போன் பண்றேன்.”

இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்கிற ஹவுஸ் சர்ஜனுக்கும் இது உதவி. பாய்சன் கேஸை விட்டு ஓடி வரலாமா, பட்டமேற்படிப்பு மருத்துவரான பி.ஜி.யை அனுப்பலாமா என்று அவரால் முடிவெடுக்க முடியும்.

பயிற்சி மருத்துவர்களே, உங்கள் பக்கத்திலும் ஒரு வடிவம் வேண்டும். போனில் மருந்து சொன்னால் எதிர்முனையில் உள்ளவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் இரைச்சலில் ஒரே மாதிரி கேட்கும். “ஒன்று, ஐந்து” என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். ஊசிவழிப் பொட்டாசியம் போன்ற மருந்தை வாய்மொழியாகச் சொல்லவே கூடாது. எழுதித்தான் கொடுக்க வேண்டும். திருப்பிச் சொல்லும் செவிலியர் உங்களைச் சோதிக்கிறார் என்று எண்ண வேண்டாம். உங்கள் பெயரில் போகும் ஊசியை அவர் காப்பாற்றித் தருகிறார்.

பணி ஒப்படைப்பைப் பற்றியும் ஒரு சொல். பயிற்சி மருத்துவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பொறுப்பேற்கும்போது ஒழுங்கான வரிசைமுறையைப் பின்பற்றினால் என்ன நடக்கும் என்று ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடு குறைந்தன. நம்மிடம் செவிலியர்கள் ஓரிடத்தில் ஒப்படைக்கிறார்கள், டாக்டர்கள் வேறோர் இடத்தில் ஒப்படைக்கிறார்கள். டாக்டர்கள் பலநேரம் வாட்ஸ்அப்பில்.

4. அழைக்கும் உரிமையை ஓர் எண்ணிடம் கொடுப்பது

மகப்பேறு வார்டில் பணியாற்றியவர்களுக்கு பார்ட்டோகிராஃப் என்ற தாள் தெரியும். பிரசவ வலி முன்னேறுவதை மணிக்கு மணி புள்ளி வைத்துக் கோடிழுக்கும் வரைபடம். 1972இல் பில்பாட், காசில் என்ற இருவர், அன்றைய ரொடீசியாவில், தொலைதூர மருத்துவ நிலையங்களில் பணியாற்றிய மருத்துவச்சிகளுக்காக அதில் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தார்கள். முதல் கோடு எச்சரிக்கை. அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி இரண்டாவது கோடு: அதைத் தொட்டால் செயல்பட்டாக வேண்டும்.

பிரசவ அறிவியலுக்கு அந்தத் தாள் செய்த உதவியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். வேலையிடத்து உறவுக்கு அது செய்த உதவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. “மேடம், எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிடுச்சு” என்று செவிலியர் சொல்லும்போது அவர் தன் அபிப்பிராயத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மருத்துவர் முன் நிற்க வேண்டியதில்லை. கோடு பேசுகிறது. ஏன் கூப்பிட்டாய் என்று கேட்க வழியில்லை. கூப்பிடாமல் விட்டால்தான் கேள்வி.

இதே தத்துவத்தைப் பொது வார்டுக்குக் கொண்டுவந்ததுதான் இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறை. மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிபி, நாடித்துடிப்பு, நினைவு, உடல் வெப்பம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை 7ஐத் தொட்டால் அவசர அழைப்பு. 2017இல் திருத்தியபோது புதிதாக வந்த மனக்குழப்பத்துக்கும் மூன்று மதிப்பெண் கொடுத்தார்கள். நம் பதினாலாம் பெட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். மூச்சு 32, அதற்கு மூன்று. பிபி 100, அதற்கு இரண்டு. குழப்பம், அதற்கு மூன்று. எட்டு ஆகிவிட்டது, நாடியையும் ஆக்சிஜனையும் நாம் இன்னும் பார்க்கவே இல்லை. “சார், ஸ்கோர் எட்டு” என்று சொல்லும் வழக்கம் அந்த வார்டில் இருந்திருந்தால் அந்த இரண்டு புகார்களும் பிறந்திருக்காது.

அறுவை அரங்குக்கும் இது பொருந்தும். உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தார்கள். அதில் புது டெல்லியும் ஒன்று. இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் அறிக்கை வந்தது. அந்தப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. நம் அரங்குகளில் அதைப் பெரும்பாலும் டிக் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். நான் மிகவும் மதிக்கும் வரி அது. பெயர் சொல்லித் தொடங்கியவருக்கு, பிறகு வாய் திறப்பது எளிது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் புரோனோவோஸ்ட் தலைமையில் நடந்த திட்டத்தில், மருத்துவர் ஒரு படியை விட்டுவிட்டால் நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது. நிர்வாகம் பின்னால் நின்றது. இரத்தக்குழாய் வழித் தொற்று பெருமளவு சரிந்தது.

5. புகார் போகும் பாதை

இவ்வளவும் இருந்தும் புகார் எழும். எழுந்தால் நம்மிடம் என்ன நடக்கிறது?

செவிலியர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்கிறார். அவர் செவிலியர் கண்காணிப்பாளரிடம். அவர் நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.விடம். அங்கிருந்து டீன். டீனிடமிருந்து இறங்கு பாதை: துறைத் தலைவர், யூனிட் சீஃப், உதவிப் பேராசிரியர், பி.ஜி., கடைசியில் ஹவுஸ் சர்ஜன். இரண்டு ஏணிகளும் உச்சியில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று பேசியிருக்க வேண்டியது, பத்து வாய் மாறி, பத்து நாள் கழித்து வந்து சேர்கிறது. வரும்போது அதில் நோயாளி இருப்பதில்லை. ‘மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்’ என்ற ஒரு வரிதான் மிஞ்சுகிறது.

பிறகு விளக்கம் கேட்டு மெமோ. நிரந்தரப் பணியாளர் என்றால், அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(அ)வா 17(ஆ)வா என்ற பேச்சு எழும். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு எழுத்துகள் என்ன செய்யும் என்று தெரியும். பதவி உயர்வு ஆண்டுக்கணக்கில் நின்றுபோகும். ஆகவே விளக்கக் கடிதத்தை யாரும் உண்மையைச் சொல்வதற்காக எழுதுவதில்லை, தப்பிப்பதற்காக எழுதுகிறார்கள். ‘இனி இவ்வாறு நிகழாது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ எது நிகழாது என்று அந்தக் கடிதத்தில் இருக்காது. தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியர் அந்த அளவுக்கும் போவதில்லை. அவர் புகாரே கொடுப்பதில்லை. ஹவுஸ் சர்ஜனுக்கோ பயிற்சி முடித்த சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும். பேச வழியில்லாதபோது மொட்டைக் கடுதாசி வருகிறது. மொட்டைக் கடுதாசி எழுதியவரைக் கோழை என்று திட்டும் நிர்வாகிகளிடம் நான் கேட்பது: பெயர் போட்டு எழுதிய கடைசி மூன்று பேருக்கு என்ன நேர்ந்தது?

இன்னொரு வகைப் புகாரும் உண்டு: எந்த வேலை யாருடையது என்பது. இரத்தம் எடுப்பது யார், வென்ஃப்ளான் ஊசி போடுவது யார், சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது யார், ஸ்கேனுக்கு ட்ராலி தள்ளுவது யார். மருத்துவம் கற்க வந்த எங்களை வார்டு பாய் ஆக்குகிறார்கள் என்கிறார் ஹவுஸ் சர்ஜன். நான் தனியாக ஒரு வார்டையே பார்க்கிறேன் என்கிறார் செவிலியர். இருவர் சொல்வதும் சரி. போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் நெறி. இரவுப் பணியில் ஒருவர் நாற்பது பேரைப் பார்க்கும் வார்டில் அது சுவரில் ஒட்டிய தாளாக இருக்கிறது. உறைவிடப் பயிற்சி மருத்துவர் பொதுவாகத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக் கூடாது என்று மத்திய அரசு 1992இலேயே சொன்னது, அதுவும் அவ்வாறே. ஆள் பற்றாக்குறையை இரண்டு தனிமனிதர்களின் குணக்கேடாக எழுதிக் கோப்பில் வைக்கிறோம். இப்படிப்பட்ட புகாருக்கு அறிவுரைக் கூட்டம் நடத்துவது இருவரையும் அவமதிப்பது. வேலைப் பங்கீட்டை எழுதி வார்டில் ஒட்ட வேண்டும். ஆள் கேட்டு அரசுக்கு எழுத வேண்டும்.

6. பேசித் தீர்க்கக் கூடாதவை

பாலியல் தொல்லை, அடிதடி, சாதி சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியவை என் வாதத்துக்குள் வரமாட்டா. இவை தாமதமான மருத்துவச் செய்திகள் அல்ல, குற்றங்கள்.

பணியிடப் பாலியல் தொல்லை பற்றி உச்ச நீதிமன்றம் 1997இல் தந்த விசாகா தீர்ப்புக்குப் பிறகு, 2013இல் அதற்கெனச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். நிரந்தரப் பணியாளர், தொகுப்பூதியப் பணியாளர், மாணவி, பயிற்சி மருத்துவர் எல்லாரும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். சமரசம் என்பது பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிக்கவே கூடாது. ‘நல்ல குடும்பத்துப் பையன், எதிர்காலம் பாழாகிவிடும்’ என்று மேட்ரன் அறையில் வைத்துப் பேசி அனுப்புவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், நீண்ட பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போன பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை நாடே அறியும். இரவுப் பணியில் பெண்கள் கண்ணயரப் பூட்டுள்ள ஓர் அறை வேண்டும் என்ற கோரிக்கைகள் அதற்கு முன் எத்தனை மருத்துவமனைகளின் கோப்புகளில் கிடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

7. புகாரே இல்லாத மருத்துவமனை

எங்கள் மருத்துவமனையில் இந்த ஆண்டு ஒரு புகார்கூட இல்லை என்று பெருமையாகச் சொல்லும் நிர்வாகியைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், தம் ஆய்வுக் காலத்தின் தொடக்கத்தில் வார்டுகளின் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம். காரணம் பிறகு புரிந்தது: அங்கே பிழையை வெளியே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மறைத்தார்கள்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனை போதும். அவசரப் பிரிவில் நடந்தவற்றைப் பற்றி ஒரு செவிலியர் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தார். சக ஊழியர்களே அவரை மிரட்டினார்கள். அங்கு நடந்ததை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் 290 பரிந்துரைகளுடன் அறிக்கை தந்தார். மருத்துவமனையின் கண்ணும் காதுமாக இருப்பவர்கள் பயிற்சியில் உள்ளவர்கள், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது அந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழகிப்போன எங்களுக்குத் தெரியாதது, புதிதாக வந்த உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

8. செய்யக்கூடியவை

முதலாவது, படிக்கும்போதே சேர்ந்து உட்கார வைப்பது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. செவிலியக் கல்வியை முன்னதாகத் தொடங்கிய மரபு நம் மண்ணில் இருக்கிறது. 2019இல் மருத்துவப் பாடத்திட்டம் மாறியபோது மனப்பாங்கு, அறம், உரையாடல் என்ற பகுதி கட்டாயம் ஆனது. அந்த வகுப்பைச் செவிலிய மாணவர்களோடு சேர்த்து நடத்த எந்த விதியும் தடையில்லை. ஒரே வளாகத்தில் இரண்டு கல்லூரிகளும் இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அடுத்த மாதமே தொடங்கலாம்.

இரண்டாவது, போஸ்டிங்கின் முதல் நாள் காலை, வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் புதிய ஹவுஸ் சர்ஜன்களுக்கு அரைமணி நேரம் வார்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். எமர்ஜென்சி ட்ரே எங்கே, சக்‌ஷன் எது வேலை செய்யும், எது செய்யாது, இரவில் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது. டாக்டருக்கு முதல் நாள் பாடம் சொல்லிக் கொடுத்தவரை டாக்டர் இரவு இரண்டு மணிக்கு அலட்சியப்படுத்துவது குறைவு. இதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் நிர்வாகத்திடம் என் முக்கியமான வேண்டுகோள். நோயாளி பாதுகாப்பு தொடர்பான புகாருக்கு மெமோவைத் தொடக்கமாக வைக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் அந்தச் செவிலியரும், அந்தப் பயிற்சி மருத்துவரும், இருவருக்கும் மேலுள்ளவர்களில் தலா ஒருவரும், ஆக நான்கு பேர் அந்த வார்டிலேயே கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்து உட்காரட்டும். என்ன தெரிந்தது, எப்போது தெரிந்தது, யாரிடம் சொல்லப்பட்டது, கேட்டவர் அப்போது எங்கே என்ன செய்துகொண்டிருந்தார். இந்த நான்கு கேள்விகளுக்கான பதில் ஒரு பக்கத்தில் எழுதப்படட்டும். அந்தப் பக்கம் பணிப்பதிவேட்டுக்குப் போகக் கூடாது. வார்டில் மாற்ற வேண்டியது எது என்ற ஒரு வரியோடு டீனுக்குப் போகட்டும். வேண்டுமென்றே செய்த தவறு என்று தெரிந்தால், அதன் பிறகு ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி திறந்தே இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு என்ன முடிவானது என்று எழுத்தில் பதில் தர வேண்டும். ஹவுஸ் சர்ஜன் அடுத்த போஸ்டிங்குக்குப் போய்விட்டிருந்தாலும் அவரைத் தேடித் தர வேண்டும்.

எல்லா வார்டிலும் ஒரே நாளில் இது வராது. மகப்பேறு வார்டில் தொடங்கலாம் என்பது என் யோசனை. அங்கே பார்ட்டோகிராஃப் ஏற்கெனவே இருக்கிறது, இரவு முழுக்க இரு தரப்பும் அருகருகே நிற்கிறார்கள். மூன்று மாதம் நடத்திப் பார்த்து, எழுதிய பக்கங்களை இரு கல்லூரி மாணவர்களும் சேர்ந்து படிக்கும் ஒரு கூட்டத்தில் வைக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு அழைத்தால் நான் வருகிறேன்.